பதினைந்தும் பதினைந்தும்

நான்கு கோல், இருபத்தொரு பாயிண்ட்.
எங்களுக்கு ஆறு பாயிண்ட், அவ்வளவே.
அந்த நான்கையும் வலைக்குள்ளிருந்து
குனிந்து எடுத்தவன் நான்.
ஐந்தாவது கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது
கைதட்டினார்கள்,
எதிரணிக்காரர்கள், இரக்கப்பட்டு.

அடி மறந்துபோகும்.
அந்தக் கைதட்டல் பேருந்தில் ஏறி
மோஹில் வரை கூட வந்தது.

மறு வியாழன் மண்டபத்தில் பேச்செடுத்தார்கள்:
லீட்ரிமும் லாங்ஃபோர்டும்
ஒரே அணியாகிவிட்டால் என்ன?
ஹாம் சாண்ட்விச்சின் ஓரங்கள் காய்ந்துகொண்டிருந்தன.
பொருளாளர் டிம்ஃப்னா தாளைப் பார்த்துப் படித்தாள்:
ஆடும் வயதுப் பையன்களில் பாதி டப்ளினில்,
மிச்சத்தில் பாதி சிட்னியில் சாரம் கட்டுகிறார்கள்.
"எலி வளையானாலும் தனி வளை"
பின்வரிசையிலிருந்து மாலக்கி.
"வளைக்குள் தண்ணீர் வந்தாயிற்றே, மாலக்கி."

நாம் பச்சையும் தங்கமும்,
அவர்கள் நீலமும் தங்கமும்.
தங்கம் இப்போதே பொதுதானே என்றான் ஒருவன்.
சிரித்தோம்.
சிரித்து முடித்தபின் யாருக்கும் பேச வரவில்லை.

மாட்டுத்தீவன லாரி ஓட்டுகிறேன்.
நாளுக்கு நான்கு முறை அந்த எல்லையைத் தாண்டுகிறேன்.
ஒரு பலகை, ஒரு முள்வேலி,
அந்தப் பக்கமும் இதே சேறு.
எந்தக் கவுண்டித் தீவனம் என்று
எந்த மாடும் கேட்டதில்லை.
வண்டி எண்ணில் ஓர் எழுத்துதான் வேறு.
அந்த ஓர் எழுத்துக்காக என் இடது முழங்காலை
இரண்டு முறை அறுத்துத் தைத்திருக்கிறார்கள்.

வெள்ளைச் சட்டையில், பெயர் வைக்காமல்,
ஒரு கல்லூரி அணியோடு ஆடிப் பார்த்தோம்.
முதல் பாதி நான் கோலில்.
உயரமாய் ஒரு பந்து வந்தது.
"உன்னுது" என்றேன்.
"உன்னுது" என்றான் அவர்களின் தடுப்பாளன்.
இருவரையும் நம்பி வந்த பந்து
நடுவில் விழுந்தது.

இரண்டாம் பாதி அவர்களின் அல்டன்.
கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்று பார்த்தேன்.
அறுபது மீட்டர் உதைத்தான்,
நிறைந்த பால் பாத்திரத்தைச்
சிந்தாமல் இறக்கி வைப்பதுபோல்
எங்கள் கோர்மக்கின் மார்பில்.
எட்டு வருஷமாய் அப்படியொரு பந்துக்காக
என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தவன் கோர்மக்.
அவன் முன்பல் ஒன்று உடைந்திருப்பது
அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஏழு பாயிண்டில் வென்றார்கள்.
வென்றோம்.

பதினைந்தும் பதினைந்தும் முப்பது,
அது பள்ளிக்கூடத்தில்.
மைதானத்தில் பதினைந்துதான்.
மீதிப் பதினைந்துக்கு
டிம்ஃப்னாவின் தாளில் கட்டம் இல்லை.
அவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும்:
சனிக்கிழமைகளில் மைத்துனன் வீட்டுக்குப்
பெயின்ட் அடிக்க,
உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறியில்
எங்கேயும் போகாமல் ஓட,
ஒருவன் விமானத்துக்கு.
லாங்ஃபோர்டிலும் ஒரு மாலக்கி இருப்பார்,
அவரும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இன்று வாக்கெடுப்பு.
கிளப்புக்கு ஒரு சீட்டு, எங்கள் கிளப்புக்கு நான்.
பென்சில் மொட்டை, மேசைக்கு ஒரு கால் குட்டை.
மாலக்கி என் தோளைத் தட்டினார்,
கேட்கவே வேண்டாம் என்பதுபோல்.
நான்காய் மடித்துப் போட்டேன்,
டீ குடிக்க நிற்கவில்லை.

லாரியைக் கிளப்பும்போது கோர்மக் அழைத்தான்.
"எதற்குப் போட்டாய்?"
"ரகசிய வாக்குடா."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
"அப்படியென்றால் சேரலாம் என்றுதான் போட்டிருக்கிறாய்.
வேண்டாம் என்றிருந்தால்
மண்டபமே கேட்கக் கத்தியிருப்பாய்."